லாங் பார் வரிசையில் நிற்கப்போகிறவர்களுக்கு

சிங்கப்பூரைச் சுற்றிப்பார்க்க வரும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் உறவினர்களின் நண்பர்களுக்கும்,



விசா வந்த மறுநாளே நீங்கள் அனுப்பிவைக்கும் பட்டியல் இங்கே எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். செந்தோசா, மெர்லயன், கரையோரப் பூந்தோட்டங்கள், நைட் சஃபாரி, முஸ்தபா அங்காடி. முஸ்தபாவுக்கு மட்டும் இரண்டு முறை. அதன்பிறகு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வராமல் தனியாக ஒரு செய்தி வரும்: "அண்ணே, ராஃபிள்ஸ் ஹோட்டல்ல ஒரு பார் இருக்காமே, சிங்கப்பூர் ஸ்லிங் கண்டுபிடிச்ச இடம்னு. போலாமா? ஒர்த்தா?"

போ, போகாதே என்று ஒரு சொல்லில் இதற்குப் பதில் சொல்லிவிட முடிவதில்லை. கேட்கிறவர் யார், எதைத் தேடி வருகிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லப்போய், "அவனை மட்டும் கூட்டிட்டுப் போனீங்களாமே" என்று ஒரு வருத்தமும் வந்துவிட்டது. ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்து இந்த மடல்.

பேர்பெற்ற கடைக்குப் போகிறவர்கள் விலையைக் கடைசியில்தான் கேட்பார்கள். நாம் முதலிலேயே கேட்டுவிடுவோம். நீங்கள் கேட்கிற அந்த பார்தான் லாங் பார். அங்கே ஒரு சிங்கப்பூர் ஸ்லிங் காக்டெய்ல் இப்போது 40 வெள்ளியை ஒட்டி நிற்கிறது. வெள்ளி என்றால் டாலர். எங்கள் ஊர்ப் பேச்சு அப்படி. விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் சின்னதாக இருக்கும். அவற்றைப் பாருங்கள். முதலாவது 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது, அதையும் சேர்த்த தொகைமீது 9 விழுக்காடு பொருள் சேவை வரி. நீங்கள் 40 என்று படித்தது பில்லில் ஏறக்குறைய 48 ஆக வந்து நிற்கும். ரூபாயில் மூவாயிரத்தைத் தாண்டிவிடும். ஆளுக்கு ஒன்று என்று இரண்டு பேர் குடித்தால் ஆகும் செலவில், தேக்கா உணவங்காடியில் நான்கு பேர் கொண்ட குடும்பம் நான்கு வேளை வயிறாரச் சாப்பிடலாம்.

சிங்கப்பூரில் மதுவுக்கு வரி கூடுதல், அதனால்தான் இந்த விலை என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். வரி கூடுதல்தான். ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. ஆனால் ஒரு ஸ்லிங்கில் ஊற்றுகிற மது வகை எல்லாவற்றிலும் உள்ள ஆல்கஹாலைக் கூட்டினால் 22 மில்லிலிட்டர் தேறுவதே பாடு. அதற்கு வரி இரண்டு வெள்ளிகூட ஆகாது. மீதியெல்லாம் கட்டடத்துக்கும் பெயருக்கும் நாம் கொடுப்பது.

அந்தக் கண்ணாடிக் குவளைக்குள் என்னதான் இருக்கிறது? பன்னாட்டு பார்டெண்டர் சங்கத்தின் அளவுகளைச் சொல்கிறேன். ஜின் 30 மில்லி, செர்ரி லிக்கர் 15, குவாந்த்ரோ ஏழரை, பெனடிக்டின் ஏழரை, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, மாதுளைப் பாகான கிரெனடின் 10, கடைசியாக அங்கொஸ்துரா பிட்டர்ஸ் ஒரு சொட்டு. மொத்தம் 205 மில்லியில் 120 அன்னாசி. ஐஸோடு சேர்த்துக் குலுக்கும்போது அன்னாசிச் சாறு நுரை கட்டி, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மேலே நிற்கும். விளிம்பில் அன்னாசித் துண்டும் செர்ரிப் பழமும் செருகித் தருவார்கள். படம் எடுக்க மிக நன்றாக இருக்கும். குடித்தால் முதலில் இனிப்பு, பிறகும் இனிப்பு, அடியில் எங்கேயோ மூலிகை வாசம் லேசாக. ஜின் பழகியவர்கள் "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்பார்கள். காக்டெய்லே குடித்திராதவர்கள் ஜூஸ் மாதிரி இருக்கிறதே என்று ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு, பில்லைப் பார்த்ததும் கடைசிச் சொட்டுவரை ஸ்ட்ராவைச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதைச் செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் படங்களில் வருவதுபோல வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் உங்களுக்காக மட்டும் நிதானமாகக் கலக்கித் தருவார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாள் முழுக்கக் கூட்டம், கூட்டத்தில் பாதிக்கு மேல் கேட்பது ஒரே பானம். ஷேக்கர்களை வரிசையாகப் பூட்டி, கைப்பிடியைச் சுற்றினால் எல்லாம் ஒன்றாகக் குலுங்குகிற இயந்திரமே ஒன்று வைத்திருக்கிறார்கள். சுற்றுவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இனி வரலாறு. உங்களில் பலர் வருவது அதற்காகத்தான். 1915இல், ஹைனான் தீவைச் சேர்ந்த ஙியாம் தோங் பூன் என்ற பார்டெண்டர் இந்தப் பானத்தை இங்கே உருவாக்கினார் என்பது ஹோட்டல் சொல்லும் கதை. பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவதை உலகம் முகம் சுளித்துப் பார்த்த காலம் அது. பழச்சாறுபோலத் தெரியும்படி மதுவை மறைத்துக் கொடுத்தாராம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1903ஆம் ஆண்டு சிங்கப்பூர்ச் செய்தித்தாளிலேயே இளஞ்சிவப்பு ஸ்லிங் பற்றிய பேச்சு வந்துவிட்டது. இவர் கலக்குவதற்கு முன்பே ஊரில் ஸ்லிங் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. 1930இல் லண்டனில் வெளிவந்த சவோய் காக்டெய்ல் புத்தகத்திலும் சிங்கப்பூர் ஸ்லிங் இருக்கிறது. அதில் எலுமிச்சைச் சாறு, ஜின், செர்ரி பிராந்தி, மேலே சோடா. அவ்வளவுதான். அன்னாசியைக் காணோம். 1936இல் ஒரு விருந்தாளி பரிமாறியவரிடம் கேட்டு ஹோட்டல் சீட்டில் எழுதிக்கொண்டதாக ஒரு குறிப்பு உண்டு. அதையே மூலக் குறிப்பாக ஹோட்டல் காட்டுகிறது. இன்று பரிமாறுகிற இனிப்பு வடிவம் 1970களில்தான் உருப்பெற்றது என்பது பானங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரின் முடிவு. நான் அவர்கள் பக்கம்.

இதனால் ஙியாம் தோங் பூனின் பெருமை குறைந்துவிடாது. காலனி காலத்து ஹோட்டலில், சீனத் தொழிலாளி ஒருவரின் பெயர் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. முதலாளிகளின் பெயர் பலருக்கு மறந்துவிட்டது. சீனக் குழுக்களில் ஹைனானியர் சிங்கப்பூருக்குப் பிந்தி வந்தவர்கள். வணிகமெல்லாம் ஹொக்கியன், தியோசியூ மக்களின் கையில் இருந்ததால், இவர்களுக்குக் கிடைத்தது வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல், கப்பல் சமையல், ஹோட்டல் வேலை. ராஃபிள்ஸுக்குப் பின்புறம் சியா ஸ்திரீட், பர்விஸ் ஸ்திரீட், மிடில் ரோடு எல்லாம் அவர்கள் பேட்டைதான். ஹைனானியச் சிக்கன் ரைஸ் அங்கே இன்றும் கிடைக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இன்றைய வடிவில் பானம் பழையதில்லை. இடமாவது பழையதா? ஹோட்டல் பழையதுதான், அதில் ஐயமே வேண்டாம். ஈரானின் இஸ்பஹான் பகுதியிலிருந்து வந்த ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887 டிசம்பரில் பத்து அறைகள் கொண்ட கடற்கரை பங்களாவில் இதைத் தொடங்கினார்கள். பினாங்கின் ஈ அண்ட் ஓ, ரங்கூனின் ஸ்டிராண்ட் ஹோட்டல்களும் அவர்களுடையவைதான். ராஃபிள்ஸ் இருக்கும் சாலைக்கு பீச் ரோடு என்று பெயர், கடலைத்தான் காணோம். அன்று வாசலுக்கு எதிரே இருந்த கடலைத் தூர்த்துத் தூர்த்துத் தள்ளிவிட்டோம். இன்று நீங்கள் பார்க்கும் வெள்ளை மாளிகை 1899இல் எழுந்தது. 1931இல் சார்க்கீஸ்கள் திவாலானார்கள். ஜப்பானியர் காலத்தில் ஹோட்டலுக்கு 'ஷோனான் ரியோகான்' என்று பெயர். 1987இல் தேசிய நினைவுச்சின்னம். ஆங்கிலேயன் பெயர், ஆர்மீனிய முதலாளி, ஹைனானியப் பார்டெண்டர், வாசலில் தலைப்பாகை கட்டிய சீக்கியர், இப்போதைய உரிமை கத்தார் நாட்டு நிறுவனத்திடம். பெயர் கொடுத்த ராஃபிள்ஸ் 1826இலேயே செத்துப்போனார். இந்த ஹோட்டலை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

புலிக் கதையையும் யாராவது சொல்வார்கள், பில்லியர்ட்ஸ் மேசைக்கடியில் சிங்கப்பூரின் கடைசிப் புலியைச் சுட்டார்கள் என்று. 1902இல் நடந்தது உண்மை. ஆனால் அது காட்டுப்புலி அன்று. ஒரு விலங்குக் காட்சியிலிருந்து தப்பி வந்தது. பதுங்கியிருந்ததும் மேசைக்கடியில் அன்று, தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய பில்லியர்ட்ஸ் கட்டடத்தின் அடியில். சுட்டவர் எதிரே இருந்த ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைமையாசிரியர். எனக்கு இதில் பிடித்த பகுதியே கடைசி வரிதான். இன்றைக்கு எந்தத் தலைமையாசிரியரை நள்ளிரவில் எழுப்பிப் புலி சுடக் கூப்பிட முடியும்?

சரி, ஹோட்டல் பழையது. பாரோ, 1991இல் வந்தது. புரியும்படி சொல்கிறேன். பழைய லாங் பார் பிரதானக் கட்டடத்தில் இருந்தது. 1989 மார்ச்சில் ஹோட்டலை மூடி, இரண்டரை ஆண்டு புதுப்பிப்பு வேலை பார்த்து, 1991 செப்டம்பரில் திறந்தபோது, பக்கத்தில் புதிதாகக் கட்டிய கடைத்தொகுதிக்கு லாங் பாரை மாற்றிவிட்டார்கள். நீங்கள் மாடியேறிப் போகிற அறை அதுதான். 2017 முதல் 2019 வரை மறுபடி ஒரு புதுப்பிப்பு. ஆகவே எழுத்தாளர் சோமர்செட் மாம் முழங்கை ஊன்றிய கவுண்டர் இது என்று யாராவது கண் கசியச் சொன்னால், தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெனிஸ் நகரத்து ஹாரிஸ் பாரும் உலகப் புகழ் பெற்றதுதான், அங்கேயும் விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் அது 1931இல் திறந்த அதே சின்ன அறையில் இன்னும் நடக்கிறது. புகழ்பெற்ற பழைய பார் எதுவானாலும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: சுவர் அதே சுவரா? லாங் பார் இதில் தேறவில்லை.

அப்படியானால் அந்த அறை என்ன? 1920களின் மலாயாத் தோட்டங்களை நினைவூட்டும்படி அமைத்த அலங்காரம் என்று ஹோட்டலே சொல்கிறது. இருண்ட மர வேலைப்பாடு, பிரம்பு நாற்காலி, சுழற்படிக்கட்டு, கூரையில் வரிசையாக அசையும் ஓலை விசிறிகள். தோட்டத்துத் துரைமார்கள் வார இறுதியில் நகரத்துக்கு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து குடித்துத் தீர்த்த காலத்தை நமக்கு நடித்துக் காட்டுகிறார்கள்.

நண்பர்களே, இங்கேதான் என் கதை உங்கள் பயண ஏஜெண்ட் சொல்லும் கதையிலிருந்து பிரிகிறது. என் தாத்தா ஜொகூர்ப் பக்கம் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், மரம் மரமாக மங்குக் கிண்ணம் கட்டி, பால் இறங்கியதும் திரும்பச் சுற்றி வந்து சேகரித்து நிறுவைக்குக் கொண்டுவந்த தலைமுறை. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் அன்று உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கங்காணிகள் ஊர் ஊராகப் போய்த் திரட்டிக் கூட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்யும்வரை அது நடந்தது. உங்களில் தஞ்சாவூர், திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், "மலேயாவுக்குப் போன பெரியப்பா" ஒருவர் எந்தக் குடும்பத்திலும் தட்டுப்படுவார்.

துரைக்கு ராஃபிள்ஸ் பார், தொழிலாளிக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை. சம்பளம் கொடுத்த தோட்டத்திலேயே கள்ளும் விற்றார்கள். வலது கையால் கொடுத்தது சாயங்காலம் இடது கையால் திரும்பி வந்துவிடும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் படித்தால் நெஞ்சு கனக்கும். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும். துரையோ தோட்டத்துக் கணக்கரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடையை மூடவேண்டும். குடிக்கக் கேட்டுப் போராடியவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடையை மூடச்சொல்லிப் போராடிய இவர்களை ராணுவத்தை வைத்து அடக்கினார்கள்.

அந்தத் தோட்ட வாழ்க்கையின் ஒரு பாதிதான் லாங் பார் அலங்காரத்தில் இருக்கிறது. நாற்காலியும் விசிறியும் இருக்கின்றன. விசிறியின் கயிற்றை இழுத்தவன் இல்லை. அந்த இடத்தில் இப்போது மோட்டார். இதைக் குறையாகச் சொல்லிப் போகாதீர்கள் என்று தடுக்க நான் எழுதவில்லை. மதுக்கடைக்காரன் வரலாற்றுப் பாடம் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. ஆனால் மூவாயிரம் ரூபாய் கொடுத்து "பழைய காலத்தை" வாங்கப்போகிறவர்கள், அது யாருடைய பழைய காலம் என்று தெரிந்து வாங்கலாமே.

இவ்வளவு சொன்னபிறகு ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். அந்த அறை எனக்குப் பிடிக்கும். காரணம் கடலை.

ஒவ்வொரு மேசையிலும் ஓட்டோடு வறுத்த நிலக்கடலை இருக்கும். விலையில்லை. உடைத்துத் தின்றுவிட்டு ஓட்டைத் தரையில் போடவேண்டும்; அதுதான் அங்கே மரபு. குப்பை போட்டால் அபராதம் விதிக்கிற ஊரில், சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டைச் சுருட்டி வைத்து வீட்டுக்குப் போய்க் குப்பைத்தொட்டியில் போட்டு வளர்ந்த எங்களுக்கு, முதல் ஓட்டைத் தரையில் போடக் கை கூசும். சுற்றுமுற்றும் பார்ப்போம். இரண்டாவது தைரியமாக விழும். அரைமணி நேரத்தில் நாற்காலியைச் சுற்றிக் குவிந்துவிடும். எழுந்து நடந்தால் காலடியில் மொறுமொறுவென்று நொறுங்கும். பெரிய அதிகாரிகள்கூடக் குனிந்து பார்த்துக் குழந்தைபோலச் சிரிப்பதைக் கண்டிருக்கிறேன். உங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மெரினாவில் கடலை தின்றவர்கள் நீங்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

கடலையில் நம்மவர் கதை இன்னொன்றும் இருக்கிறது. முன்பெல்லாம் இந்த ஊர் சினிமாக் கொட்டகை வாசல்களில் கச்சாங் பூத்தே விற்றவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தலையில் தட்டுப் பலகை. அதில் வறுத்த கடலை, கொண்டைக்கடலை, பட்டாணி, முறுக்கு என்று தனித்தனிப் பொட்டலம். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அளந்து கொடுப்பார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாப் பிள்ளைகளும் வாங்கித் தின்றது. லாங் பாரில் இலவசக் கடலையை உடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டுப் பலகைதான் நினைவுக்கு வரும். அது இன்று ஊரில் அநேகமாக மறைந்தே போய்விட்டது. அலங்காரமாக வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நான்கு நாள் பயணம், பிள்ளைகளோடு, செலவைக் கணக்கிட்டு வருகிறவர்கள்: போகவேண்டாம். வெயிலில் வரிசையில் நின்று, உள்ளே போய்ப் படம் எடுத்து, அரைமணியில் வெளியே வருவதற்கு அந்தப் பணம் அதிகம். ஹோட்டலின் முன்கூடம் தங்குபவர்களுக்கும் உணவகம் போகிறவர்களுக்கும் மட்டும்தான். ஆனால் கடைத்தொகுதிப் பக்கத்துத் தாழ்வாரங்களிலும் முற்றங்களிலும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் நடக்கலாம். வெள்ளைத் தூண்களும் விசிறிவாழை மரங்களும் படத்துக்குப் போதும். ஸ்லிங் எப்படித்தான் இருக்கும் என்று நாக்கு அரித்தால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் வருகிறவர்கள் விமானத்திலேயே கேட்டுப் பாருங்கள். ராஃபிள்ஸில் குடிப்பதுபோல இருக்காது, ஆனால் பில் வராது.

காக்டெய்லில் உண்மையான ஆர்வம் உள்ளவர்கள், பெங்களூரில் நல்ல பார்களைப் பார்த்தவர்கள்: நீங்களும் இதற்காக வரவேண்டாம். இந்த ஊரில் இன்று உலகத் தரத்தில் கலக்கிக் கொடுக்கிற பார்கள் பல உண்டு. ராஃபிள்ஸிலிருந்து நடக்கிற தூரத்தில், பார்க்வியூ ஸ்குவேர் கட்டடத்தில் அட்லஸ் என்று ஒரு பார். கூரையைத் தொடுகிற கோபுரம் முழுக்க ஜின் புட்டிகள். கட்டடமே 2002இல் வந்தது, பார் 2017இல். பார்த்தால் 1920களின் நியூயார்க் மாதிரி இருக்கும். ஆனால் 1920களிலிருந்து இருக்கிறோம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பானமும் கொடுத்த காசுக்குத் தகும். விலை அங்கேயும் மலிவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

வரலாறு பார்க்கத்தான் வருகிறோம் என்பவர்களுக்கு என் பதில் வேறு. லாங் பாருக்குப் பதிலாக, அங்கிருந்து பத்து நிமிட நடையில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போங்கள். வெள்ளை வெளேரென்ற கோபுரத்தைக் கடந்து உள்ளே போய், சுவரில் உள்ளங்கையை வையுங்கள். வழவழவென்று குளிர்ந்திருக்கும். அதற்குப் பெயர் மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றியது. செட்டிநாட்டு வீடுகளில் பார்த்திருக்கிறீர்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேலைதான். பூசியவர்கள் இந்தியாவிலிருந்து தீவாந்தரத் தண்டனை பெற்று இங்கே கொண்டுவரப்பட்ட கைதிகள். 1856இல் தொடங்கிய கட்டடம் 1862இல் அர்ப்பணிக்கப்பட்டது. ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கு அப்போது அடித்தளமே இல்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆராதனை நேரத்தில் மட்டும் போகாதீர்கள், செருப்புச் சத்தம் போடாதீர்கள்.

அங்கிருந்து திரும்பி வந்து பர்விஸ் ஸ்திரீட்டில் ஒரு தட்டு ஹைனானியச் சிக்கன் ரைஸ் சாப்பிடுங்கள். சைவக்காரர்கள் நேராகத் தேக்காவுக்கு வந்துவிடுங்கள். ஙியாம் தோங் பூனின் ஆட்கள் உண்டாக்கியதில் இன்றும் உயிரோடு இருப்பது ஸ்லிங்கைவிட அந்தச் சோறுதான் என்பது என் கட்சி.

அப்படியானால் லாங் பாருக்கு யார்தான் போகவேண்டும்? இரண்டு வகையினரை நானே கூட்டிப்போவேன். ஒன்று, போகவில்லை என்றால் ஊர் திரும்பியபிறகு ஆறு மாதம் புலம்பப்போகிறவர்கள். உங்களுக்கு நான் எழுதிய எதுவும் உறைக்காது. போய்விட்டு வந்துவிடுவதுதான் மலிவு. இன்னொன்று, தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ மலாயாத் தோட்டத்தில் இருந்தார் என்று தெரிந்தவர்கள். நீங்கள் அவசியம் ஒருமுறை போய் உட்காரவேண்டும். துரை உட்கார்ந்த மாதிரியான நாற்காலியில் சாய்ந்து, கடலை ஓட்டை வீசிப் போட்டு, பரிமாறுகிறவரிடம் நன்றி சொல்லி, சொந்தப் பணத்தில் பில் கட்டிவிட்டு வாருங்கள். அதற்கு 48 வெள்ளி அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். சனி, ஞாயிறு வேண்டாம், மாலை வேண்டாம். வேலை நாளில் பிற்பகலில் போனால் வரிசை குட்டையாக இருக்கும், நாற்காலி தேர்ந்தெடுக்கவும் முடியும். கவுண்டரில் இடம் கிடைத்தால் அங்கேயே உட்காருங்கள், இயந்திரம் சுற்றுவதைப் பார்க்கலாம். இரண்டு பேருக்கு ஒரு ஸ்லிங் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. குடிக்காதவர்களுக்கு மது கலக்காத ஸ்லிங்கும் உண்டு, அதுவும் அதே இளஞ்சிவப்பு. வெறும் வயிற்றில் போகாதீர்கள். இனிப்பாக இருந்தாலும் உள்ளே இருப்பது நான்கு வகை மது. பில்லில் சேவைக் கட்டணம் சேர்ந்தே வருவதால் தனியாக டிப்ஸ் வைக்கவேண்டியதில்லை. குவளையை நினைவுப்பொருளாகப் பைக்குள் போடாதீர்கள். நினைவுப்பொருள் விற்கக் கடையே வைத்திருக்கிறார்கள். கடலையை மட்டும் தாராளமாகத் தின்னலாம்.

நகர மண்டபம் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்ததும் தேவாலயம்தான் முதலில் கண்ணில் படும். அதை முதலில் பாருங்கள், பாரை அதன்பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வரும் தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். வேலை நாளில் பிற்பகல் என்றால் நான் லீவு போடவேண்டும்.

அன்புடன்,
சிராங்கூன் சாலைப் பக்கத்து உங்கள் அண்ணன்